தணிகாசலம் கொடுத்த ரத்தம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருந்த அந்த நிறுவனம் கார்களுக்குக் கதவுத் தகடு அடித்துக் கொடுத்தது. ஆனால் 2003ஆம் ஆண்டு ஜனவரியில் அங்கே யாரைக் கேட்டிருந்தாலும், நிறுவனத்தின் முக்கிய உற்பத்திப் பொருள் ரத்தம் என்றுதான் சொல்லியிருப்பார்கள். நிறுவனர் பிறந்த நாளன்று ஐந்நூறு யூனிட் ரத்தம் எடுத்துச் சாதனை படைப்பது என்று மனிதவளப் பொது மேலாளர் பாக்கியநாதன் முடிவு செய்திருந்தார். அவர் முடிவு செய்தால் செய்ததுதான். தொழிலாளர் கழிவறையில் சோப்பு வைப்பதைப் பற்றி நான்கு ஆண்டுகளாக அவர் எந்த முடிவும் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

நிரந்தரத் தொழிலாளர்கள் ஐந்நூற்று நாற்பது பேர். நிறுவனத்தின் மொழியில் இவர்கள் 'குடும்பம்'. ஒப்பந்தத் தொழிலாளர்கள் அறுநூறு பேர். இவர்களுக்கு உறவுமுறை எதுவும் சொல்லப்படவில்லை. ரத்தம் கொடுக்கும் பெருமை குடும்பத்துக்கு மட்டும் என்று சுற்றறிக்கை வந்தது. கொடுப்பவருக்கு அரைநாள் விடுப்பு, சாப்பாட்டைச் சூடாக வைக்கும் ஒரு ஹாட் பேக், பாக்கியநாதன் கையெழுத்திட்ட சான்றிதழ். குடும்பம் உட்கார்ந்து யோசித்தது. விடுப்பு வேண்டும், ஹாட் பேக் வேண்டும், ஊசி வேண்டாம்.

அதற்கு வழியும் குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. நிரந்தரத் தொழிலாளியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு அவருடைய ஒப்பந்த ஹெல்பர் போய்ப் படுத்துவிட்டு வர வேண்டியது. அட்டையில் இருந்த போட்டோக்கள், தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பின் எண்ணெயில் ஊறி யாருக்கும் பொருந்தக்கூடிய ஒரே முகமாக எப்போதோ மாறிவிட்டிருந்தன. முகாம் பந்தலில் இருந்தவர்களும் அட்டையின் நம்பரைத்தான் பார்த்தார்கள்.

தணிகாசலம் ஐந்தாம் நம்பர் பிரஸ்ஸின் ஆபரேட்டர். எண்பத்திரண்டு கிலோ. இருநூறு டன் இயந்திரத்துக்கு முன்னால் பாட்டு முணுமுணுத்தபடி நிற்பவர். ஊசியைக் கண்டால் மட்டும் கண் இருண்டுவிடும். தன் ஹெல்பர் ரகுவைக் கூப்பிட்டார்.

"டேய் ரகு, உன் ரத்தம் இன்னா குரூப்பு?"

"பி பாசிட்டிவ்ணே."

"எனுக்கும் அதான். அப்போ நீ போறதும் நான் போறதும் ஒண்ணுதான்."

"எனுக்கு இன்னாணே குடுப்பாங்க?"

"ஜூஸ், பிஸ்கட்டு. அப்பால, அச்சு செய்யற டை செக்‌ஷனுக்கு உன்ன மாத்தச் சொல்லி நான் சூப்பர்வைசராண்ட பேசறேன்."

"ஹாட் பேக்கு?"

"அது எங்கூட்டுக்குடா. உங்கண்ணி நாலு நாளா அதே பேச்சு."

ரகு போனான். பதிவேட்டில் தணிகாசலம் என்று கையெழுத்துப் போட்டான். அது அவனுக்குப் புதிதல்ல. அண்ணன் டீ குடிக்கப் போய்த் திரும்பாத வேளைகளில் ஷிப்ட் நோட்டில் அதே கையெழுத்தை ஒன்றரை வருடமாகப் போட்டுக்கொண்டிருப்பவன். படுத்தான், எழுந்தான், ஜூஸ் குடித்துவிட்டு வந்தான். டை செக்‌ஷனுக்கு அவனை யாரும் மாற்றவில்லை.

மொத்தம் ஐந்நூற்று அறுபத்தெட்டு யூனிட். ஐந்நூற்று நாற்பது பேர் இருக்கிற குடும்பத்தில் அத்தனை யூனிட் எப்படி வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சாதனை நாளன்று கூட்டல் கழித்தல் பேசுவது அநாகரிகம்.

பத்தொன்பது நாள் கழித்து ஒரு தகடு நழுவியது. தணிகாசலத்தின் வலது கை விரல்களில் இரண்டை எடுத்துக்கொண்டு, தொடையையும் ஆழமாகக் கிழித்துவிட்டுப் போனது. ஆஸ்பத்திரியில் உடனே இரண்டு பை ரத்தம் கேட்டார்கள். முகாமை நடத்திய அதே தனியார் ரத்த வங்கிக்கு ஆள் ஓடியது. அங்கே டெக்னீஷியனாக இருந்த ஜோசப் நல்லவர், சுறுசுறுப்பானவர், புதிதாக யோசிக்கத் துடிப்பவர். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. அவர் முகாம் பதிவேட்டைப் புரட்டினார். தணிகாசலம், பிரஸ் ஷாப், பி பாசிட்டிவ். பை இன்னும் குளிர்பெட்டியில் இருந்தது.

"சார், இவரோட ரத்தமே நம்மகிட்ட இருக்கு சார்!" என்று ஜோசப் கத்தினார். "அவர் ரத்தம் அவருக்கே! இதைவிடப் பொருத்தம் உலகத்துல எங்க கிடைக்கும்?"

பொருத்தம் பார்த்தார்கள், பொருந்தியது. ஏற்றினார்கள். இன்னொரு பை வேறு யாரோ கொடுத்தது. தணிகாசலம் பிழைத்தார்.

செய்தி பாக்கியநாதன் காதுக்குப் போனது. அடுத்த மாதமே விழா. 'தான் கொடுத்த ரத்தமே தன் உயிர் காத்தது' என்று மேடையின் குறுக்கே பேனர்.

"இது மருத்துவம் அல்ல நண்பர்களே, இது மாண்பு!" என்றார் ஒலிபெருக்கியில். "ஈந்தவனுக்கே திரும்பி வந்த ஈகை! தன் உதிரத்தைத் தானே பெற்றுக்கொண்ட தனிப்பெரும் தொழிலாளி, நம் தணிகாசலம்!"

கைதட்டல். கட்டுப் போட்ட கையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்த தணிகாசலத்திடம் மைக் நீட்டப்பட்டது. முன்வரிசையில் அவர் மனைவி செண்பகம் புதுப்புடவையில் தேம்பிக்கொண்டிருந்தாள். பின்னால் ஷெட் ஓரமாக நின்ற ஒப்பந்தக் கூட்டத்தில், எல்லாரையும்விட ஓங்கிக் கைதட்டிக்கொண்டிருந்தவன் ரகு.

"எல்லாருக்கும் நன்றி" என்றார் தணிகாசலம்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியைச் செண்பகம் பார்த்துக்கொண்டாள். அவர்கள் இருந்தது ஆரணியில். பட்டுப்புடவை ஆரணி அல்ல, பொன்னேரிப் பக்கத்து ஆரணி. அங்கே அந்தக் கதை தெரியாத வீடு கிடையாது.

இரண்டரை வருடம் போனது. ஒரு நாள் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய தணிகாசலத்தின் இடது கால் செருப்பைக் காணவில்லை. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. பின்னால் வந்தவன் எடுத்துக் கொடுத்தான். பிறகு இடுப்பு வலி. பிறகு இரண்டு காலும் விறைத்துக்கொண்டன. நடந்தால் முழங்கால் மடங்காமல், பாதம் தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தது. சிறுநீர் வருகிறது என்று தெரிவதற்கும் வந்துவிடுவதற்கும் நடுவே இருந்த நேரம் நாளுக்கு நாள் சுருங்கியது. குடிக்கிறார் என்றது பிரஸ் ஷாப். சத்துக் குறைவு என்றார் கம்பெனி டாக்டர். சிவப்பு மாத்திரை கொடுத்தார். எட்டு மாதம் சிவப்பு மாத்திரை சாப்பிட்டதில் மாத்திரை மட்டும் தீர்ந்தது.

2006 கடைசியில் சென்னைப் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நரம்பியல் பிரிவில் டாக்டர் நஜ்மா அவருடைய முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்து வெளியூர் ஆய்வகத்துக்கு அனுப்பினார். ஊசி எவ்வளவு நீளம் என்று பார்க்கக்கூடத் தணிகாசலத்துக்குத் தெம்பில்லை. ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தது.

"முதுகுத் தண்டு நரம்பை ஒரு வைரஸ் கெடுத்துக்கிட்டிருக்கு" என்றார் டாக்டர் நஜ்மா. "பேரு எச்.டி.எல்.வி. முதல்ல ஒண்ணு கேட்டுக்குங்க. இது எய்ட்ஸ் இல்ல, அந்தக் கிருமியும் இல்ல. நம்ம பக்கத்துல ரொம்ப அபூர்வம். நிறைய பேருக்கு உடம்புல இருந்தும் ஆயுசு முழுக்க ஒண்ணும் பண்ணாது. நூத்துல ரெண்டு மூணு பேருக்குத்தான் இப்படி ஆகும்."

"அந்த ரெண்டு மூணுல நானா டாக்டர்?"

"ஆமா."

"எப்பிடி வந்துச்சு?"

"மூணே வழி. தாய்ப்பால், புருஷன் பொண்டாட்டி, ரத்தம். உங்களுக்கு ரத்தம் ஏத்தினாங்களா?"

"ரெண்டு பை ஏத்துனாங்க."

"அதுலதான் வந்திருக்கும். ரத்த வங்கியில அஞ்சு கிருமிக்குச் சோதனை பண்ணுவாங்க. அந்த அஞ்சுல இது கிடையாது."

"நடந்துருவேனா?"

டாக்டர் நஜ்மா பேனாவை மூடினார். "மேல மோசமாகாம இழுத்துப் பிடிக்கப் பார்க்கலாம். போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லைங்க."

செண்பகத்துக்குச் சோதனை செய்தார்கள். அவளுக்கு இல்லை. தணிகாசலத்தின் அம்மா செத்துப் பதினொரு வருடம். அங்கே சோதனை செய்ய வழியில்லை.

இதற்குள் நிறுவனத்தில் அவருடைய கோப்பு கனத்துவிட்டது. தொழிற்சங்க ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. வேலையில் நடந்த விபத்தினால் உடல் கெட்டவருக்குச் சாகும்வரையோ ஓய்வுபெறும்வரையோ உட்கார்ந்து பார்க்கும் வேலை தர வேண்டும். வேறு காரணத்தால் கெட்டவரை வீட்டுக்கு அனுப்பலாம். ஆகத் தணிகாசலத்துக்கு மிச்சமிருந்தது ஒரே கேள்விதான். கிருமி அந்தப் பையிலிருந்து வந்ததா இல்லையா? பையிலிருந்து என்றால் அது விபத்தின் கணக்கு, கேட் அருகே ஒரு நாற்காலி. இல்லை என்றால், முப்பத்தொன்பது வயதில், மூன்று விரல் கையோடும் மடங்காத காலோடும், ஆரணியில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கலாம்.

டாக்டர் நஜ்மா ரத்த வங்கிக்குக் கடிதம் எழுதினார். பதில் வந்தது. முதல் பையைக் கொடுத்தவரைக் கண்டுபிடித்துச் சோதித்ததில் அவருக்கு இந்தக் கிருமி இல்லை. இரண்டாவது பையைக் கொடுத்தவர், நோயாளியேதான். கீழே ஜோசப் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இவரைக் காப்பாற்றியதில் எங்கள் வங்கி இன்றும் பெருமை கொள்கிறது.'

டாக்டர் நஜ்மா கடிதத்தையும் தணிகாசலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "உங்க ரத்தமேன்னா, இது உங்களுக்கு முன்னாடியே இருந்திருக்கு" என்றார். குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் தணிகாசலத்துக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அந்தக் கடிதத்தின் நகலை வீட்டில் செண்பகம் எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு மடித்துக் கீழே வைத்தாள்.

"உன் ரத்தமேதான் உனுக்கு வந்துச்சுன்னா, அதுல இருந்த கிருமி யாருது?"

"என்னுது இல்ல."

"உன்னுது இல்லாத அப்பால யாருது? எந்தத் தெருவுலேர்ந்து எடுத்துக்கினு வந்த?"

"செண்பகம், அந்த ரத்தமே என்னுது இல்ல."

சொல்லிவிட்டார். ரகு, அடையாள அட்டை, ஹாட் பேக், எல்லாவற்றையும். செண்பகம் கேட்டு முடித்து அவர் கால்களைப் பார்த்தாள்.

"ஆரணி பூரா சொல்லிக்கினு திரிஞ்சேன்யா. எங்கம்மா சாவறதுக்கு முந்தா நாளு, கண்ணே தெரியல அதுக்கு, 'உம்புருசன் ரத்தம் திரும்பி வந்த கதையச் சொல்லுடி'ன்னு கேட்டுச்சு. சொன்னேன். பொய்யையா சொல்லி அனுப்புனேன்?"

"மேடையில எப்பிடிச் சொல்றது? அம்மாம் பேரு..."

"ஊசிக்குப் பயந்த, சரி. மைக்குக்குமா பயந்த? எனுக்குமா பயந்த? நாலு வருசமா எம்பக்கத்துலதானே படுத்துக்கினு இருந்த?"

தணிகாசலம் எழப் பார்த்தார். அவருக்கு மூத்திரம் வந்துவிட்டது. அவள் எழுந்து துணி எடுத்து வந்தாள். துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"அவன் எங்க கீறானோ போய்க் கூட்டியா. அவன் வாயால சொல்லட்டும். இல்லாங்காட்டி உன் பேச்ச நானே நம்பல, கம்பெனிக்காரன் எங்க நம்பப் போறான்?"

ரகு அந்தக் கம்பெனியை விட்டுப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. கடம்பத்தூர்ப் பக்கம் ஏதோ உருக்கு ஆலையில் ஒப்பந்த வேலை என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். தணிகாசலம் கோலை ஊன்றிக்கொண்டு கும்மிடிப்பூண்டி ரயில் பிடித்து, சென்ட்ரலில் மாறி, அரக்கோணம் ரயிலில் ஏறினார். சென்ட்ரலில் நடைமேடை மாறவே முக்கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டு ரயில்கள் அவர் கண்ணெதிரே கிளம்பிப் போயின. கடம்பத்தூரில் இறங்கி விசாரித்து, ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டின் முன்னால் நின்றபோது மத்தியானம் இரண்டு மணி.

"அண்ணே!" என்று ஓடி வந்தான் ரகு. முகம் எல்லாம் சிரிப்பு. சட்டென்று சிரிப்பு அணைந்தது. "இன்னாணே இது கோலு? காலுக்கு இன்னாச்சு?"

"நரம்புல கோளாறுடா."

"பிரின்சி, யாரு வந்துகீறாங்க பாரு! நம்ம அஞ்சாம் நம்பரு பிரஸ்ஸு அண்ணன்! உக்காருணே. சோறு துன்னியா இல்லியா? மூஞ்சப் பாத்தாலே தெரியுது, துன்னல."

பிரின்சி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். புடவைத் தலைப்புக்குள் நான்கு மாதக் குழந்தை ஒன்று சப்புக்கொட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் தணிகாசலத்துக்குக் கேட்டது.

தாய்ப்பால், புருஷன் பொண்டாட்டி, ரத்தம்.

"ஏண்டா ரகு, அப்புறம் நீ எங்கனா ரத்தம் குடுத்தியா?"

"நாலு வாட்டிணே! இந்தப் பக்கமும் கேம்பு போட ஆரம்பிச்சிட்டாங்க. நம்ம ரத்தத்துக்கு நல்ல மார்க்கெட்டு. எந்தப் பேருல குடுத்தேன்னுதான் நெனப்பில்ல" என்று சிரித்தான். "இன்னா விசயம் சொல்லுணே."

சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் சொன்னால் இவன் வருவானா? எந்த மடையன் தன் உடம்பில் அப்படி ஒரு கிருமி இருக்கிறதென்று சபையில் போய் நிற்பான்? முதலில் அங்கே வந்து சொல்லட்டும், நாற்காலி கைக்கு வரட்டும், அன்றைக்கே சொல்லிவிடலாம். தணிகாசலம் தனக்குத் தானே எழுதிக்கொண்ட இந்தச் சுற்றறிக்கை பாக்கியநாதனுடையதைவிட எந்த விதத்திலும் மட்டமானதல்ல.

"கம்பெனில ஒரு கமிட்டி. அன்னிக்கி எம்பேருல ரத்தம் குடுத்தது நீதான்னு வந்து சொல்லணும்."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"இதுக்கா இந்தக் காலோட வந்த? ஒரு ஆளாண்ட சொல்லி அனுப்புனா நான் வர மாட்டனா?"

தணிகாசலத்துக்கு நாற்காலியா வீடா என்று முடிவு செய்யும் கமிட்டி பன்னிரண்டு நாள் கழித்துக் கூடியது. நிர்வாகக் கட்டடத்தின் முதல் மாடியில் 'சிகரம்' என்ற பெயருடைய அறை. சிகரத்துக்கு லிப்ட் இல்லை. ரகு அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு இருபத்திரண்டு படி ஏறினான்.

"நீ எளச்சிட்டணே. அப்போலாம் ஒன்னத் தூக்க கிரேன் வோணும்."

மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவராக ஓய்வுபெற்ற ஓர் அறுவை மருத்துவர். ஒரு பக்கம் சிவப்பு மாத்திரை டாக்டர், மறுபக்கம் பாக்கியநாதன். சுவரில் ரத்த முகாமுக்குக் கிடைத்த கேடயம். பாக்கியநாதன் அதற்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தார்.

தணிகாசலம் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை மைக் இல்லாததாலோ என்னவோ, தடங்கலில்லாமல் வந்தது. ரகுவும் சொன்னான், கூடுதலாகவே சொன்னான். ஜூஸ் புளித்திருந்தது என்பது வரைக்கும்.

பாக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "திரு. தணிகாசலம், நீங்கள் சொல்வது உண்மை என்றால் நம் சாதனை பொய்யாகிறது. சாதனை உண்மை என்றால் நீங்கள் சொல்வது பொய்யாகிறது. இரண்டில் எதற்குச் சான்றிதழ் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்."

"சார், என் கால்தான் சார் சான்றிதழு."

"உணர்ச்சி வேண்டாம்."

தலைவர் கொஞ்சம் நியாயமான மனிதர். "பதிவேட்டில் கொடுத்தவர் கையெழுத்து இருக்கே. ரெண்டு பேரும் போட்டுக் காட்டட்டும்" என்றார்.

தாள் வந்தது. தணிகாசலம் பேனாவை மூன்று விரலால் பிடித்து எழுதினார். எழுத்துகள் நாலாபக்கமும் சிதறின. ரகு அதே பெயரை ஒரே வீச்சில், கடைசியில் ஒரு சுழியோடு போட்டான். பதிவேட்டில் இருந்தது அச்சு அசலாக அதுதான்.

"பாத்தீங்களா சார்?" என்றான் ரகு, பரீட்சையில் பாஸான மாதிரி.

கேட் அருகே அந்த நாற்காலி தணிகாசலத்தின் கண்ணுக்குத் தெரிந்தது.

"விபத்துக்கு முந்தைய ஷிப்ட் நோட்டைக் கொண்டுவாருங்கள்" என்றார் பாக்கியநாதன்.

கொண்டுவந்தார்கள். தலைவர் பூதக்கண்ணாடியோடு பக்கம் பக்கமாகப் பார்த்தார். தணிகாசலம், தணிகாசலம், தணிகாசலம். எல்லாம் ஒரே வீச்சு, எல்லாவற்றிலும் அதே சுழி. அண்ணன் டீ குடிக்கப் போன நேரங்கள் இத்தனையா என்று அண்ணனுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

"நிறுவன ஆவணங்களில் தணிகாசலத்தின் கையெழுத்து என்று இருப்பது இதுதான்" என்றார் பாக்கியநாதன். "ரத்த முகாம் பதிவேட்டில் இருப்பதும் இதுதான். ஆக, ரத்தம் கொடுத்தவர் தணிகாசலம். அதை இந்த இளைஞர் நன்றாகப் போடுகிறார் என்பது அவருடைய தனித் திறமை. அதைக் காவல்துறையிடம் சொல்லாமல் விடுவது நிறுவனத்தின் பெருந்தன்மை."

"அதெல்லாம் நான் போட்டது சார்!" என்றான் ரகு.

"ஒன்றரை வருடமாகவா? அப்படியானால் இத்தனை நாள் சம்பளம் வாங்கிய தணிகாசலம் யார், நீங்களா?"

தணிகாசலம் கோலைத் தரையில் குத்தி எழ முயன்றார். கால்கள் வரவில்லை.

"கையெழுத்து எதுக்கு சார்? இவன் ரத்தத்தச் சோதிச்சுப் பாருங்க! அந்தக் கிருமி இவன் ஒடம்புல கீதா இல்லியான்னு பாருங்க, தெரிஞ்சிரும்!"

ரகு மெல்லத் திரும்பினான்.

"இன்னா கிருமிணே?"

தணிகாசலம் அவனைப் பார்க்கவில்லை.

"யாருடைய ரத்தத்தையும் சோதிக்க இந்தக் குழுவுக்கு அதிகாரம் இல்லை" என்றார் தலைவர். உண்மையிலேயே வருத்தப்பட்டார். ஆனால் கோப்பை மூடிக்கொண்டே வருத்தப்பட்டார். பாக்கியநாதன் முடிவைப் படித்தார். நோய்க்கும் விபத்துக்கும் தொடர்பில்லை. மாதக் கடைசியோடு பணியிலிருந்து விடுவிப்பு. குடும்பத்தின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் அவருக்கு ஒரு வழியனுப்பு விழா பரிசீலிக்கப்படும்.

"சார்" என்றார் தணிகாசலம். "பாத்ரூம் போவணும்."

"தொழிலாளர் கழிவறை கீழே."

ரகு குனிந்தான். அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு படி இறங்கினான். நாலாவது படியிலேயே தணிகாசலத்தால் அடக்க முடியவில்லை. ரகுவின் சட்டை நனைந்து, கால்சட்டை வழியாகக் கீழே சொட்டியது. அவன் நிற்கவும் இல்லை, திட்டவும் இல்லை. இன்னும் இரண்டு படி இறங்கிய பிறகுதான் கேட்டான்.

"அண்ணே, எதுக்கு என் ரத்தத்த சோதிக்கச் சொன்ன?"

சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் என்று சொல்லலாம். அவன் நம்புவான். அவன் நம்பாத பொய்யைத் தணிகாசலம் இதுவரை சொன்னதே இல்லை. நம்பினால் நாளைக்கு லேபர் கோர்ட்டுக்குக் கூப்பிட்டாலும் வருவான். உண்மையைச் சொன்னால் இங்கேயே இறக்கி உட்கார வைத்துவிட்டுப் போய்விடுவான். சாட்சியும் போகும், தூக்க ஆளும் போகும். அவன் பின்கழுத்தில் வியர்வை ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கழுத்தைச் சுற்றித்தான் தன் இரண்டு கையும் இருக்கிறது என்பதைத் தணிகாசலம் பார்த்தார்.

"ரகு. பிரின்சிய புள்ளைக்குப் பால் குடுக்க வேணாம்னு சொல்லு."

"இன்னா?"

"டாக்டரம்மா பாக்கற வரிக்கும் குடுக்க வேணாம். பவுடர் பால் வாங்கிக் குடு. எங்காலு இப்பிடிப் போனது உன் ரத்தத்துல இருந்த கிருமியால. உனுக்கு ஒண்ணும் ஆவாமலே போயிரலாம், நெறைய பேருக்கு ஆவாதாம். ஆனா உங்கிட்டேர்ந்து பிரின்சிக்குப் போயிருக்கலாம், அதுகிட்டேர்ந்து புள்ளைக்குப் பால்ல... தெரியல. போயிருக்குமான்னு தெரியல. போவாமலும் இருக்கலாம்."

ரகு நின்றுவிட்டான்.

"உனுக்கு எப்போ தெரியும்?"

"எல்லாம் டாக்டரம்மா சொன்னப்பவே..."

"எங்கூட்டுக்கு வந்தியே, அப்போ தெரியுமா?"

"தெரியும்."

"அது பால் குடுத்துக்கினு இருந்துச்சு. நீ பாத்த."

"பாத்தேன்."

"பன்னெண்டு நாளு" என்றான் ரகு. தன்னைக் கீழே போடப்போகிறான் என்று தணிகாசலம் உடம்பை இறுக்கிக்கொண்டார். விழுந்தால் வலிக்குமே என்ற பயம்கூட இல்லை. இடுப்புக்குக் கீழே வலி தெரிந்து நாளாகிவிட்டது.

ரகு ஓட ஆரம்பித்தான். மிச்சப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி, கழிவறையைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, செக்யூரிட்டி கத்துவதைத் தாண்டி, ரோட்டின் குறுக்கே ஓடினான். முதுகில் ஓர் ஆள் இருப்பதே அவன் நினைவில் இல்லை. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கியது. எதிரே பெட்டிக்கடையில் சிவப்பு நிற ஒரு ரூபாய் போன். அவன் கால்சட்டைப் பையைத் துழாவினான். பை ஈரமாக இருந்தது. காசு கிடைத்தது. நம்பரைப் போட்டான். கடம்பத்தூரில் அவன் வீட்டுக்கு அடுத்த மளிகைக் கடை நம்பர் அது.

"பாய், நான் ரகு. பிரின்சியக் கொஞ்சம் கூப்பிடு பாய். அவசரம். ஓடிப் போய்க் கூப்பிடு."

ரிசீவரை அவன் காதில் அழுத்திப் பிடித்திருந்தான். அதே காதுக்குப் பக்கத்தில், அவன் தோள்மேல், தணிகாசலத்தின் தலை இருந்தது. கடைக்காரர் யாரையோ கூப்பிடுவதும், எங்கோ ஒரு ரயில் போவதும், பிறகு செருப்புச் சத்தம் திரும்பி வருவதும் இருவருக்கும் கேட்டது.

"ரகு, புள்ளைக்குப் பால் குடுத்துக்கினு இருக்குதாம்பா. இரு, தூங்க வச்சிட்டு வரேன்னுது."